மாடித் தோட்டத்துக்கு எந்தச் செடி பீன்ஸ்? விதைப் பொட்டலங்கள் ஒரு மதிப்புரை

விதைக் கடையில் பீன்ஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் படத்தை விட்டுவிட்டு ரகத்தின் பெயரைத் தேடுங்கள். ‘பீன்ஸ், செடி வகை’ (கொடியாகப் படராமல் குட்டையாக நிற்பது) என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடலாம். உள்ளே இருப்பது எத்தனை நாளில் காய்க்கும், நார் இருக்குமா, எந்த நோயைத் தாங்கும் என்று ஒன்றுமே தெரியாது. ‘எஃப்1 ஹைப்ரிட்’ (இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்த முதல் தலைமுறை விதை) என்று போட்டுக் கூடுதல் விலை சொன்னாலும் வாங்காதீர்கள். பீன்ஸ் பூ விரிவதற்குள்ளாகவே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். ஒவ்வொரு பூவாகக் கையால் ஒட்டுச் சேர்த்து விதை எடுத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. கடையில் கிடைக்கும் செடி பீன்ஸ் அநேகமாக எல்லாமே சாதாரண ரகங்கள்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, நன்மையே: அடுத்த முறைக்கு விதையை நீங்களே எடுத்து வைக்கலாம்.

பெயரோடு கிடைப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது அர்கா கோமல். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். தட்டையான, நேரான பச்சைக் காய். 70 நாளில் பயிர் முடிந்துவிடும். ஹெக்டேருக்கு 19 டன் என்பது நிறுவனம் சொல்லும் விளைச்சல். மாடித் தோட்டக் கணக்கில் செடிக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரியலுக்கு நறுக்கத் தோதான காய், ருசியும் நல்ல ருசி. ஆனால் பறிக்க நான்கு நாள் தாமதித்தால் முதுகோரம் நார் கட்டிவிடும்.

நார் உரிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அர்கா சுவிதா. புளூ கிராப், கன்டெண்டர் என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து எடுத்தது. காம்பை ஒடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள், கூட வரும் இழை எதுவும் இருக்காது. சுத்தமாக ‘டக்’கென்று முறியும். தட்டைக்காயின் மணத்துக்குப் பழகிய நாக்குக்குக் கோமல்தான் பிடிக்கும். மற்றபடி வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது சுவிதா என்பதே எங்கள் தீர்ப்பு.

மழையும் ஈரமும் அதிகமுள்ள இடத்துக்கு அர்கா அனூப் எடுங்கள். துரு நோயையும் பாக்டீரியா கருகலையும் தாங்கும்படி உருவாக்கிய ரகம். மற்ற ரகங்களில் இலையின் அடியில் பொட்டுப் பொட்டாக எழும்பி, விரலால் தேய்த்தால் செங்கல் தூள் போல ஒட்டுமே, அதுதான் துரு. பக்கத்தில் அவரையோ தட்டப்பயறோ மஞ்சள் தேமலில் (இலையில் மஞ்சள் திட்டு விழும் வைரஸ் நோய்) அடிக்கடி போகிற தோட்டமானால், அதைத் தாங்கும் அர்கா அர்ஜுன் ரகத்தை விசாரியுங்கள்.

கன்டெண்டர் அமெரிக்க ரகம், 1949-இல் வெளிவந்தது. சற்றே வளைந்த உருண்டைக் காய், இளசில் நார் கிடையாது, சாம்பல் நோயை ஓரளவு தாங்கும். மார்கழிப் பனியில் மற்ற செடிகளின் இலையில் மாவு படியும்போது இது சமாளித்து நிற்பது இதனால்தான். செடி குட்டை, காய்ப்பும் சீக்கிரம், 12 அங்குலப் பைக்குப் பொருத்தம். ஆனால் காய்கள் ஒரே மூச்சில் வந்து ஓய்ந்துவிடும்.

இந்தக் குணம் எல்லாச் செடி ரகத்துக்கும் கொஞ்சம் உண்டு. கொடி பீன்ஸ் போல மாதக்கணக்கில் காய்க்காது. மூன்று வாரத்தில் நான்கு பறிப்பு, அவ்வளவுதான். செடிக்குப் பறிப்புக்கு 25 கிராம் என்றால் ஒரு வேளைப் பொரியலுக்குக் கால் கிலோ எடுக்கப் பத்துச் செடி வேண்டும். இரண்டே விதை ஊன்றிவிட்டு ‘காய்க்கவில்லை’ என்று ரகத்தைக் குறை சொல்லக் கூடாது. 10 கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 30 விதை இருக்கும். பத்துப் பத்தாகப் பிரித்து 15 நாள் இடைவெளியில் ஊன்றினால் தொடர்ந்து காய் கிடைக்கும்.

சமவெளியில் விதைக்கும் பட்டம் ஐப்பசி, கார்த்திகை. சென்னை போலக் கனமழை கொட்டும் ஊர்களில் மழை ஓய்ந்த பிறகு தொடங்குவதே நல்லது. மலையில் பிப்ரவரி, மார்ச். வெயில் 30 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் இறங்காவிட்டால் பூ பூவாகக் கொட்டும். சித்திரையில் விதைத்துவிட்டு டானிக் தெளித்துப் பயனில்லை, எந்த ரகமும் அந்தச் சூட்டில் காய் பிடிக்காது.

விதையை இரவு முழுவதும் ஊறப்போடும் பழக்கத்தை பீன்ஸுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். காய்ந்த பருப்பு திடீரென்று நீரை உறிஞ்சினால் உள்ளே விரிசல் விட்டு மண்ணிலேயே அழுகும். மண்ணை முதல் நாள் நனைத்து, மறுநாள் ஒரு அங்குல ஆழத்தில், விதைக்கு விதை அரை அடி விட்டு ஊன்றுங்கள். முளைவிடும் வரை மேல்மண் காயாமல் லேசாகத் தெளித்தால் போதும். ஐந்திலிருந்து எட்டு நாளில் வளைந்த கழுத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். ரைசோபியம் (வேர் முடிச்சில் தங்கிக் காற்றின் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) சேர்ப்பதானால் பீன்ஸுக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், நிலக்கடலைக்கு விற்பது இதன் வேரில் முடிச்சுப் போடாது. ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தி ஊன்ற வேண்டும். சாயம் பூசிய விதையில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். அதன் மேல் ரைசோபியம் தடவுவது வீண்.

பயறு இனம்தானே, உரமே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பயறு வகைகளிலேயே தழைச்சத்தைப் பிடித்து வைப்பதில் பீன்ஸ் பலவீனமானது. பையில் நிரப்பும் மண் கலவையில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழு உரம் வேண்டும். அதைத் தாண்டி யூரியா கொடுத்தால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், பூ வராது.

இரண்டு மூன்று இலைப் பருவத்தில் நன்றாக இருந்த செடி திடீரென்று மஞ்சளித்துச் சாய்ந்தால் தண்ணீரைக் குறை சொல்லும் முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். மண்மட்டத்தில் தண்டு வீங்கி வெடித்து, தோலைக் கீறினால் பழுப்புச் சுரங்கமும் எள்ளுப் போன்ற கூட்டுப்புழுவும் இருந்தால் அது தண்டு ஈ. சாய்ந்ததைக் காப்பாற்றுவது கடினம். மீதிச் செடிகளுக்கு அடித்தண்டு மூடும்படி மண் அணைத்தால் மேலே புது வேர் விட்டுப் பிழைக்கும். அடுத்த விதைப்பில் முதல் இலை விரிந்ததிலிருந்தே வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு சேர்த்துத் தெளித்து வாருங்கள்.

காயை உள்ளே விதை புடைக்கும் முன் பறிக்க வேண்டும். தாமதிக்காமல் பறித்தால் அடுத்த பூ வரும். முற்ற விட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும்.

தேமலோ துருவோ படாத இரண்டு செடிகளை மட்டும் அடுத்த முறை விதைக்காகப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். காயின் தோடு வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்து, ஆட்டினால் கலகலக்கும்போது உரித்து நிழலில் காயவையுங்கள். நன்கு உலர்ந்ததும் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, வண்டு துளைக்காமல் இருக்க மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். புட்டியின் மேல் ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.