2 அடி மீன் தொட்டிக்கு 18 வாட் எல்இடி பட்டை விளக்கு: எந்தச் செடிக்குச் சரி?

60×30×36 செ.மீ. தொட்டியில் சுமார் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். 1,500 லூமென் (வெளிச்ச அளவு), 6,500 கெல்வின் (ஒளியின் நிறம்) கொண்ட இந்த வகை விளக்கு லிட்டருக்கு 25 லூமென் தருகிறது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகிய மூன்று நீர்ச்செடிகளுக்கும் தாராளம். கம்பளம்போலப் படர வேண்டிய செடிகளுக்குப் போதாது. படராமல் மேல்நோக்கி நீண்டுவிடும். வாங்கும்போது வாட்டைவிட லூமெனைப் பாருங்கள்.

வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் டைமர் இல்லாதது பெருங்குறை. தனி டைமர் மாட்டி 7 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நேரம் கூடினால் முதலில் அனுபியாஸ் இலையில்தான் கரும்பச்சைப் பாசிப் புள்ளிகள் ஒட்டும். விரலால் தேய்த்தால் போகாது. அந்தச் செடியைத் தொட்டிக்குள் உள்ள மரக்கட்டையின் நிழலுக்கு மாற்றுங்கள். மூடிக் கண்ணாடியில் படியும் வெள்ளை உப்பும் வெளிச்சத்தைத் தடுக்கும். மூடியைக் கழற்றி வினிகரால் துடைத்துக் கழுவுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து வரட்டும், சொட்டும் நீர் பிளக்குக்குள் போகாது.