குன்னூரா, கோத்தகிரியா, ஊட்டியா, கொடைக்கானலா? பிள்ளைங்களோட மலைக்கு குடி வர்றவங்களுக்கு ஒரு அலசல்

டிரான்ஸ்பர்ல வர்றவங்க, வீட்ல இருந்தே ஐடி வேலை பாக்குறவங்க, கீழ வெயிலும் புகையும் போதும்டா சாமின்னு மேல வர நினைக்கிறவங்க, எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே விஷயம்தான். வாடகை கையைக் கடிக்காம, ராத்திரி நிம்மதியா தூங்கற மாதிரி, பிள்ளைங்களுக்கு நல்ல ஸ்கூலோட எந்த ஊருங்க? நான் குன்னூர்க்காரன், கோத்தகிரியிலயும் ஊட்டியிலயும் சொந்தக்காரங்க இருக்காங்க, அக்கா குடும்பம் கொடைக்கானல்ல, அதனால எல்லா ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்லிடுறேன்.

முடிவை முதல்லயே சொல்றேன். பிள்ளை அஞ்சாவதுக்குள்ளன்னா கோத்தகிரி. ஆறாவது, அதுக்கு மேலன்னா குன்னூர் - வெலிங்டன் - அருவங்காடு லைன். வீட்ல பெரியவங்களை மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற நிலைமைன்னா ஊட்டி. கூடலூருக்கும் கொடைக்கானலுக்கும் உங்களுக்குன்னு தனியா ஒரு காரணம் இருந்தா மட்டும் போங்க.

ஏன் ஆறாவதுல கோடு போடுறேன்னா, இங்க ஸ்கூல் நல்லா இருக்கா இல்லையாங்கறதை விட, பிள்ளை அந்த ஸ்கூலுக்கு நவம்பர் மாச மழையில தினமும் போய்ட்டு வர முடியுமாங்கறதுதான் பெரிய கேள்வி. சின்னப் பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்துல ஒரு நல்ல பிரைமரி ஸ்கூல் இருந்தா போதும், அது எல்லா ஊர்லயும் கிடைக்கும். மேல் கிளாஸ் போகப் போக ஆப்ஷன் குறையும், பஸ்ஸை நம்பி நிக்கணும். கீழ பத்து கிலோமீட்டர்ங்கறது ஒண்ணுமே இல்ல, இங்க அதே பத்து கிலோமீட்டர்ல கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், விழுந்து கிடக்கற சீகை மரம், எல்லாம் வரும். எத்தனை கிலோமீட்டர்னு கேக்காதீங்க, காலையில எத்தனை மணிக்கு பஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சா அடுத்த பஸ் எப்போன்னு கேளுங்க.

சரி, குன்னூரையும் கோத்தகிரியையும் எடுத்துக்குவோம், முக்காவாசிப் பேருக்கு போட்டியே இந்த ரெண்டுக்கும்தான். ரெண்டும் ஊட்டி அளவுக்கு குளிராது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 பக்கம்தான். தென்மேற்கு பருவமழை நேரத்துல கோத்தகிரிக்கு தொட்டபெட்டா ஒரு சுவர் மாதிரி நின்னு மறைச்சுக்கும், ஜூன் ஜூலையில ஊட்டி நனைஞ்சு கிடக்கறப்ப கோத்தகிரியில துணி காயும். வீசிங் இருக்கற பிள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஈரம் பூத்த சுவத்துக்கு பக்கத்துல படுத்தா எந்த மருந்தும் கேக்காது. ஆனா வடகிழக்கு மழை ரெண்டு ஊரையும் சேத்துதான் போட்டுத் தாக்கும், அதுல ஒருத்தருக்கு ஒருத்தர் குறைச்சல் இல்ல.

வாடகையில கோத்தகிரிதான் ஜெயிக்குது. குன்னூர்ல சிம்ஸ் பார்க், பெட்போர்டு பக்கமெல்லாம் நல்ல வீடுகளை ஹோம்ஸ்டேயா மாத்திட்டாங்க, மாச வாடகைக்கு விட அவங்களுக்கு மனசு வராது. கோத்தகிரியில டானிங்டன் தாண்டி அரவேணு பக்கமோ, இந்தப் பக்கம் கட்டபெட்டு பக்கமோ போனா குடும்பத்துக்குன்னே கட்டின வீடு கிடைக்கும். ஹட்டியில, அதாவது படுகர் கிராமத்துல, வீடு கிடைச்சா யோசிக்கவே யோசிக்காதீங்க. படுகர் ஊர்களை சும்மா கண்ட இடத்துல அமைக்கலை, வரிசை வீடு, நடுவுல வாசல், பக்கத்து வீட்டு பாட்டி உங்க பிள்ளை ஸ்கூல் விட்டு வந்துச்சான்னு பாத்துக்கும். ஆன்லைன் விளம்பரத்துல போடுற ரேட்டை நம்பி வராதீங்க, அது டூரிஸ்ட்டுக்கு போட்ட ரேட். டீக்கடையில, மளிகைக்கடையில கேட்டு பிடிக்கிற வீடுதான் நிலைக்கும்.

ஸ்கூல்னு வந்தா குன்னூர் லைன்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஸ்டேன்ஸ், செயின்ட் ஜோசப்ஸ், செயின்ட் ஆண்டனிஸ்னு பழைய ஸ்கூலுங்க டவுன்லயே இருக்கு, வெலிங்டன்லயும் அருவங்காட்டுலயும் ஆளுக்கொரு கேந்திரிய வித்யாலயா இருக்கு. கேவி பீஸ் கம்மின்னு எல்லாரும் ஆசைப்படுவாங்க, ஆனா அந்த முன்னுரிமை வரிசையை முதல்ல பாருங்க. மத்திய அரசு ஊழியர், ராணுவம் எல்லாம் முன்னாடி, பிரைவேட் வேலைக்காரங்க கடைசி. வெலிங்டன்ல ராணுவ அதிகாரிங்க படிக்கற ஸ்டாப் காலேஜும் மெட்ராஸ் ரெஜிமெண்டும் இருக்கு, அருவங்காட்டுல வெடிமருந்து தயாரிக்கற கார்டைட் பேக்டரி இருக்கு, அவங்க பிள்ளைங்களுக்கு போக மிச்ச சீட்டுதான் நமக்கு. அதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

கோத்தகிரியிலயும் அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கு, பிரைவேட் ஸ்கூலும் இருக்கு, குறை சொல்றதுக்கில்ல. பிளஸ் ஒன் வர்றப்பதான் இடிக்கும். நீங்க கேக்குற குரூப் பேருக்கு இருக்கும், அந்த பாடத்துக்கு வாத்தியார் போஸ்டிங் காலியா கிடக்கும். நேர்ல போய் இந்த வருஷம் பிசிக்ஸுக்கு யாரு, மேத்ஸுக்கு யாருன்னு பேர் சொல்லி கேளுங்க, சொல்லிடுவாங்க.

அரசுப் பள்ளின்னதும் முகம் சுளிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2020-ல இருந்து மருத்துவ சீட்ல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கும் கொண்டு வந்தாங்க. ஆனா ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும். நடுவுல ரெண்டு வருஷம் பிரைவேட்ல போட்டுப் பாப்போம்னு போட்டீங்கன்னா அந்தக் கதவு சாத்திடும். காலேஜ் போறப்ப மாசம் 1,000 ரூபா கொடுக்கற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறாவதுல இருந்துதான் கணக்கு பாக்குது. நான் ஆறாவதுல கோடு போட்டதுக்கு இது ரெண்டாவது காரணம். அந்த வயசுல எந்த ஊர்ல, எந்த ஸ்கூல்ல உக்காருறீங்களோ அது காலேஜ் வரைக்கும் கூடவே வரும்.

இப்ப பாதுகாப்பு. கீழ பாதுகாப்புன்னா திருட்டு, சண்டைன்னு நினைப்போம். இங்க மண்ணு, தண்ணி, மிருகம். 2009 நவம்பர்ல ஒரே நாள்ல கேத்தியில 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, மாவட்டம் முழுக்க நாப்பதுக்கும் மேல உயிர் போச்சு, அச்சனக்கல்ல வீட்டோட சேத்து மண்ணு மூடுச்சு. அதுக்கு முன்னாடி 1993-ல குன்னூர் மலைப்பாதையில மரப்பாலத்துல பெரிய மண்சரிவு. நீலகிரியில 283 இடங்களை மழை நேரத்துல அபாயமான இடம்னு மாவட்ட நிர்வாகம் பட்டியல் போட்டு வச்சிருக்கு. வீடு பாக்குறதுக்கு முன்னாடி விஏஓ ஆபீஸ்ல போய் இந்த இடம் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க, காசா பணமா.

வீடு பாக்க வந்தா ஹாலோட அழகை அப்புறம் பாருங்க, நேரா வீட்டுக்கு பின்னாடி போங்க. மலையை செங்குத்தா வெட்டி, வெட்டின மண்ணுக்கும் பின் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்குற சந்து கூட இல்லைன்னா அந்த வீடு வேண்டாம். தடுப்புச் சுவர் இருந்தா அதுல வரிசையா சின்ன பைப் ஓட்டை விட்டிருக்காங்களான்னு பாருங்க, மண்ணுக்குள்ள சேருற தண்ணி வெளிய வர்ற வழி அதுதான். ஓட்டையே இல்லாத சுவரும், சிமெண்ட் வச்சு அடைச்ச சுவரும் மழையில வயிறு உப்பி வெளிய தள்ளும், உத்துப் பாத்தா நடுவுல லேசா புடைச்சிருக்கறது தெரியும். ஓட்டைக்கு கீழ பச்சையா பாசி பிடிச்சு கோடு விழுந்திருந்தா நல்லது, தண்ணி வடியுதுன்னு அர்த்தம். மேல நிக்கற கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வீட்டுப் பக்கம் சாஞ்சு நிக்குதா, தரையில நீளமா வெடிப்பு ஓடுதா, இதையும் பாருங்க. பழைய ஓடை மேல மண்ணைக் கொட்டி கட்டின வீடுங்க இருக்கு, அதை பக்கத்துல இருக்கற வயசானவங்க கிட்ட கேட்டாதான் தெரியும், புரோக்கர் சொல்ல மாட்டார்.

மிருகத்துல குன்னூருக்கு காட்டெருமை, கோத்தகிரிக்கு கரடி, சிறுத்தை ரெண்டு ஊருக்கும் பொது. டீ எஸ்டேட்டை ஒட்டின கடைசி வீட்டை வாடகை கம்மின்னு எடுக்காதீங்க. தெருவிளக்கு எரியுதான்னு ராத்திரி ஏழு மணிக்கு ஒரு தடவை போய் பாருங்க. ஸ்கூல் பஸ் வீட்டு வாசலுக்கு வருமா, இல்ல மெயின் ரோட்டுல இறக்கி விட்டா பிள்ளை தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல நடந்து வரணுமா, இதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

செலவுல வாடகையை மட்டும் கணக்கு போட்டு வந்து மாட்டிக்கிறாங்க நிறையப் பேர். கீசர், ஹீட்டர் ஓடுற வீட்ல கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டிடும், தாண்டினா ஸ்லாபே மாறி பில்லு எகிறும். தண்ணியும் அப்படித்தான், குன்னூர்ல நகராட்சி தண்ணி தினமும் வராது, ரேலியா அணையில தண்ணி குறைஞ்சா இன்னும் இழுக்கும், சிண்டெக்ஸ் டேங்க் பெருசா இருக்கற வீடா பாருங்க. மிச்சம் பிடிக்கறதுன்னா பஸ்ல பிடிக்கலாம், பெண்களுக்கு கட்டணமில்லா பஸ் 2024-ல மலைக்கும் வந்தாச்சு, ஸ்டூடண்டுக்கு பாஸ் எப்பவுமே உண்டு.

ஊட்டிக்கு வருவோம். ஊட்டியோட பலம் இப்ப ஆஸ்பத்திரி. அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும், 2025 ஏப்ரல்ல அதோட புது ஆஸ்பத்திரி திறந்ததும் பெரிய மாத்தம், முன்னெல்லாம் கொஞ்சம் சீரியஸ்னாலே கோயம்புத்தூர்தான். கலெக்டர் ஆபீஸ், ஆர்ட்ஸ் காலேஜ் எல்லாம் அங்கயே இருக்கு. ஸ்கூலுக்கும் குறைவில்ல. ஆனா லவ்டேல் லாரன்ஸ் மாதிரி பேரு கேட்டு வர்றவங்களுக்கு சொல்றேன், 1858-ல ஆரம்பிச்ச அந்த ஸ்கூல் போர்டிங் ஸ்கூல், அதுக்காக நீங்க ஊட்டியில வீடு பிடிக்கணும்னே அவசியமில்ல. நடுத்தர குடும்பத்துக்கு செயின்ட் ஜோசப்ஸ், பிரீக்ஸ், நசரேத் கான்வென்ட் வரிசைதான். குறைன்னா குளிரு. டிசம்பர் ஜனவரியில தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், அந்தக் காலையில ஆறு வயசு பிள்ளையை ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாப்ல நிறுத்தறது கஷ்டம். ஏப்ரல், மே சீசன் வந்தா சேரிங்கிராஸ் தாண்டுறதுக்குள்ள விடிஞ்சிடும். டூரிஸ்ட் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசன்ல நம்ம ஊர் ரோடு நம்ம கையில இல்ல.

கூடலூர்ல குளிர் கம்மி, வாடகை கம்மி, கேரளா பக்கம். வாடகைக்கு மட்டும்னா சரி, இடம் வாங்குற யோசனை இருந்தா நில்லுங்க. பழைய ஜமீன் மாதிரி இருந்த ஜென்ம நில உரிமையை ஒழிக்க 1969-ல வந்த ஜென்மம் ஒழிப்புச் சட்டம், அதுல செக்‌ஷன் 17 நிலம்னு ஒரு சிக்கல் தலைமுறையா ஓடிட்டிருக்கு, பட்டா கிடையாது, கரண்ட் கனெக்‌ஷனே வாங்க முடியாம அங்கேயே பொறந்து வளந்தவங்க தவிக்கிறாங்க. விலை சல்லிசா இருக்குன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்கிடாதீங்க. யானையும் அங்க தினப்படி விஷயம், ஓவேலி, பந்தலூர் பக்கம் பிள்ளைங்க காலையில ஸ்கூலுக்கு நடக்கறதே பயம்தான்.

கொடைக்கானல்ல அக்கா குடும்பம் சந்தோஷமாத்தான் இருக்கு, ஏரியும் காத்தும் அப்படி. ஆனா வெளியூர்ல இருந்து புதுசா வர்ற குடும்பத்துக்கு நான் கடைசியாத்தான் சொல்வேன். வத்தலகுண்டு ரோடும் பழனி ரோடும் பெருமாள்மலையில ஒண்ணா சேந்துடும், அங்க இருந்து மேல ஒரே வழி, அதுல மரம் விழுந்தா ஊரே நின்னுடும். 2018 கஜா புயல்ல அதைத்தான் பாத்தாங்க. நீலகிரியில மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டுல பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சா கோத்தகிரி வழியா வண்டியைத் திருப்பி விடுவாங்க, அந்த வசதி அங்க இல்ல. கலெக்டர் ஆபீஸ் வேலைன்னா திண்டுக்கல் இறங்கணும். ஸ்கூலும் ரெண்டு முனையில நிக்குது, ஒரு பக்கம் 1901-ல ஆரம்பிச்ச கொடைக்கானல் இன்டர்நேஷனல் மாதிரி பெரிய பீஸ், இந்தப் பக்கம் அரசு, உதவி பெறும் பள்ளிங்க, நடுவுல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஆப்ஷன் குறைவு. பெண் பிள்ளை காலேஜ் போற வயசுன்னா மட்டும் கணக்கு மாறும், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அங்கதான் இருக்கு. கொடைக்கானல்தான்னு முடிவு பண்ணிட்டா டவுனுக்குள்ள தேடாம பெருமாள்மலை பக்கம் பாருங்க, வாடகையும் குறையும், குளிரும் கொஞ்சம் குறையும்.

வீடு பாக்க மே மாசம் வராதீங்க, அப்ப எல்லா வீடும் அழகாத்தான் இருக்கும். நவம்பர்ல ரெண்டு நாள் மழையில வந்து பாருங்க, ஒழுகுற இடம், தேங்குற இடம், பஸ் வராத நாள் எல்லாம் தானா தெரிஞ்சிடும். அப்ப ஸ்கூலையும் விசாரிச்சு வச்சுட்டா புது வருஷம் பொறந்ததும் பிரைவேட் ஸ்கூல் பாரம் வாங்க சரியா இருக்கும். பழைய ஸ்கூல்ல டிசி வாங்கறப்ப எமிஸ் நம்பரை (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கற அடையாள எண்) மறக்காம கேட்டு வாங்கிக்கங்க, அதை அங்க ரிலீஸ் பண்ணாதான் இங்க சேத்துக்க முடியும். வாடகை அக்ரிமெண்ட்ட பதினொரு மாசத்துக்கு போட்டு, சீசன்ல காலி பண்ணச் சொல்லக்கூடாதுன்னு ஒரு வரி எழுதிக்கங்க.