டாஃபடில் வைத்துப் பார்த்தவரின் புலம்பல்: பூவுக்கு ஐந்து, சாற்றுக்கு பூஜ்யம்

தோழி ஒருத்தி ரோஜாவையும் டாஃபடில் என்னும் மஞ்சள் பூவையும் ஒரே சாடியில் வைத்தாளாம், மறுநாளே ரோஜா தலை தொங்கிவிட்டதாம். பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவளுக்குக் கோபம். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விற்றவர் பாவம், அவர் மேல் தப்பில்லை. குற்றவாளி பக்கத்திலேயே மஞ்சளாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

டாஃபடில் தண்டை வெட்டினால் ஒரு சாறு வரும். அது சொட்டாது, கத்தரிக்கோலை விலக்கினால் நூல் நூலாகக் கூடவே இழுபடும். விரலோடு விரல் ஒட்டும். அதில் சர்க்கரை இருப்பதால் தண்ணீரில் கலந்ததும் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அது பெருகி ரோஜாத் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் ரோஜா தாகத்தில் சாகவேண்டியதுதான். டியூலிப்புக்கு இன்னும் மோசம், சாற்றிலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களே அதற்கு நஞ்சு. மனிதரையும் விடுவதில்லை: ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் தோலைக் குத்தி அரிப்பைக் கிளப்பும். தினமும் இதைப் பறிக்கும் தொழிலாளர்களிடையே ‘டாஃபடில் அரிப்பு’ என்று தனிப் பெயரே உண்டு. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் சாடித் தண்ணீரைக்கூட எட்டாத இடத்தில்தான் வைக்கவேண்டும்; அதைக் குடித்தாலும் ஆபத்து.

சரி, இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. வெட்டிய டாஃபடிலைத் தனிப் பாத்திரத்தில் 12 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம், தனியாக நிறுத்திவையுங்கள். சாறு வடிந்து நின்றதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தண்டை அலசி, மற்ற பூக்களோடு சேர்க்கலாம். ஆனால் மறுபடி வெட்டக்கூடாது. வெட்டினால் புதுக் காயம், புதுச் சாறு, மறுபடி முதலிலிருந்து. என் எரிச்சல் முழுக்க இங்கேதான். வேறு எந்தப் பூவாக இருந்தாலும் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அடியைக் கொஞ்சம் நறுக்கு என்பார்கள். இதன் தண்டோ உள்ளே வெறும் குழாய். அடி சீக்கிரமே கொழகொழத்து, பிளந்து, வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். வெட்டினால் சாறு, வெட்டாவிட்டால் கூழ். நடுவில் நாம்!

திட்டியது போதும், நியாயத்தையும் சொல்லவேண்டும். வாடிய டாஃபடில் பிழைத்து எழுவதைப் போல மனதுக்கு இதமான காட்சி குறைவு. தண்ணீரே இல்லாமல் வந்த கட்டு, கையில் எடுத்தால் துவண்டு விழும். அடித்தண்டின் வெளிறிய பகுதி தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. மற்ற பூக்களோடு சேர்ப்பதற்கு முன்பே, பச்சை தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். கட்டைச் செய்தித்தாளில் கழுத்துவரை இறுக்கமில்லாமல் சுற்றி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளைப் பிரிக்கும்போது பெரும்பாலும் விறைப்பாக நிற்கும். இதழ்கள் ஓரம் சுருங்கி, கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவ ஆரம்பித்துவிட்டால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை.

அப்புறம், தலை சாய்ந்ததெல்லாம் வாட்டம் இல்லை. மொட்டு முதலில் வானம் பார்த்து நேராக நிற்கும், பென்சில் பருவம் என்பது அதைத்தான். பிறகு கழுத்து மெல்ல வளைந்து பக்கவாட்டில் திரும்பும். அதை மூடியிருக்கும் காய்ந்த உறை ஒரு பக்கமாகக் கிழிய, கசங்கிய மஞ்சள் எட்டிப் பார்க்கும். மலரப் போவதன் அடையாளம் இது, இதைப் பார்த்துப் பயந்து தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. தண்டைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் மலரப் போகிறது, நடுவில் மடங்கினால் தாகம். வாங்கும்போது இந்தக் கழுத்து வளைந்த மொட்டாகவே வாங்குவது நல்லது, விரிந்த பூவை வாங்கினால் அதன் ஆயுளில் பாதியை வேறு யாரோ பார்த்து முடித்திருப்பார்கள்.

துவண்ட கட்டு நேராகிவிட்டால் அப்புறம் சாடியில் மூன்று விரல்கடைத் தண்ணீர் போதும். நிறைய ஊற்றினால் தண்டு அழுகும். தினமும் மாற்றுங்கள். பழுத்த பழம் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் கிழடாக்கும். தண்ணீரில் சர்க்கரை போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தானே சர்க்கரை கசியும் பூவுக்கு இன்னும் சர்க்கரை ஊற்றி யாரை வளர்க்கப் போகிறோம், பாக்டீரியாவையா?

இவ்வளவு பணிவிடைக்கும் கிடைப்பது நாலைந்து நாள், குளிர்ந்த அறையாக இருந்தால் கொஞ்சம் கூடுதல். நிறத்துக்கு ஐந்து நட்சத்திரம், பிழைத்து எழும் பிடிவாதத்துக்கு ஐந்து. மொத்த மதிப்பெண் இரண்டு. கூட்டிப் பார்த்து சராசரி சரியில்லை என்று சண்டைக்கு வராதீர்கள், இப்போதுதான் கத்தரிக்கோலைக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன்.

ஐரிஸ் வளர்ப்பவர்கள் ஒருவேளை ஐந்தே போடலாம். டியூலிப்பைக் கொல்லும் அதே சாற்றில் உள்ள நார்சிக்ளசின் என்ற ஆல்கலாய்டு, ஐரிஸ் பூ வாடுவதைத் தள்ளிப்போடுகிறது.