போகும்போது எகானமி, திரும்பும்போது பிசினஸ்: சிங்கப்பூர்–சென்னை விமானங்கள், ஓர் அலசல்

சிங்கப்பூரில் உள்நாட்டு விமானம் என்று ஒன்று கிடையாது. தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு எம்ஆர்டி ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் இங்கிருக்கும் தமிழர்கள் பலருக்குச் சென்னையும் திருச்சியும்தான் உள்நாடு மாதிரி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வருகிறோம். சுமார் 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். டெல்லியில் இருப்பவர் சென்னைக்குப் பறக்க மூன்று மணி நேரம் ஆகிறது. நமக்கு அதைவிட ஒரு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். அதனால் "இந்தத் தூரத்துக்குப் போய் பிசினஸ் கிளாஸா?" என்று அங்கே கேட்பது போலவே இங்கேயும் கேட்கிறார்கள்.

நான் எல்லா வகையிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். சொந்தக் காசில், பறந்து சேர்த்த மைல் புள்ளிகளில், இரண்டு தடவை கம்பெனி செலவில். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போகும்போது வேண்டாம். சென்னையிலிருந்து திரும்பும் இரவு விமானத்தில், மறுநாள் காலையில் வேலை இருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். இந்தியாவுக்குள் ஓடும் விமானங்களில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். சென்னைக்குப் பெரும்பாலும் ஏ350 அல்லது 787-10 என்ற பெரிய விமானங்களை விடுகிறார்கள். இந்த வட்டாரத்துக்கென்றே அமைத்த 787-10-இல் 36 பிசினஸ் இருக்கைகள், 301 எகானமி இருக்கைகள். நடுவில் பிரீமியம் எகானமி கிடையாது. ஆக, ஒன்று முழுதாக நீட்டிப் படுக்கும் கட்டில், இல்லையென்றால் ஒன்பது பேர் வரிசை. பிசினஸில் ஒரு வரிசைக்கு நாலே பேர். எல்லாருக்கும் நேரே நடைபாதை. பட்டனை அழுத்தினால் இருக்கை அப்படியே 76 அங்குலப் படுக்கையாகிவிடும். சில நாள் 737-8 என்ற சின்ன விமானம் வரும். அதில் பத்தே பத்து பிசினஸ் இருக்கைகள், ஆனால் அவையும் முழுதாகப் படுக்கக் கூடியவை. ஒற்றை நடைபாதை விமானத்தில் இப்படி ஒரு படுக்கை கிடைப்பது அபூர்வம். பழைய 737-800-இல் சோபா மாதிரி சாய்கிற நாற்காலிதான் இருந்தது.

இனி எகானமி. போன பத்து வருஷத்தில் மாறியிருப்பது உண்மையில் இந்தப் பக்கம்தான். முன்பு பிசினஸ்காரருக்கு மட்டும் என்று இருந்த சலுகைகளில் பாதி எல்லாருக்கும் வந்துவிட்டது. 2023 ஜூலையிலிருந்து, கிரிஸ்ஃபிளையர் என்ற அவர்களுடைய மைல் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் எகானமியிலும் அளவில்லாத இலவச வைஃபை. உறுப்பினராகச் சேரக் காசு கிடையாது. சூடான சாப்பாடு, படம் பார்க்கத் திரை, போர்வை எல்லாம் இருக்கிறது. சாங்கி விமான நிலையத்தில் சிங்கப்பூர்வாசிகள் கடப்பிதழை வெளியே எடுக்காமலே குடிநுழைவைத் தாண்டிவிடலாம்; அங்கே பிசினஸ் வரிசை என்ன, எகானமி வரிசை என்ன.

சென்னைப் பக்கத்துக் கூட்டத்துக்கும் வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை வைத்திருப்பவர்களும் விரைவுக் குடிநுழைவுத் திட்டத்தில் பதிந்துகொண்டால் தானியங்கிக் கதவு வழியாக வெளியே வரலாம். சென்னையில் 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். இணையத்தில் விண்ணப்பித்து, ஒரு தடவை கைரேகையும் முகப்படமும் கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது. வரிசையில் நிற்கப் பயந்து பிசினஸ் எடுப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

பெட்டி விஷயத்தில் வித்தியாசம் பெரிது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிசினஸில் 40 கிலோ, எகானமியின் மலிவான டிக்கெட்டில் 25 கிலோ. முஸ்தபா கடையில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தவருக்கு அந்த 15 கிலோவின் அருமை தெரியும். மைலோ டின், கோடாலித் தைலம், அத்தை கேட்ட குக்கர், சித்தப்பாவுக்குப் பிளாஸ்க் என்று பெட்டி தானாக நிறைந்துவிடும். ஆனாலும் கூடுதல் எடையைத் தனியாக முன்கூட்டியே வாங்கினால் பிசினஸ் வித்தியாசத்தில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். எடைக்காக மட்டும் பிசினஸ் எடுப்பதில் அர்த்தமில்லை.

போகும் பயணத்தைப் பாருங்கள். சாயங்காலம் கிளம்பினால் சென்னைக்கு ராத்திரி பத்து மணிவாக்கில் இறங்குவோம். இரண்டரை மணி நேரம் நமக்குச் சாதகமாகக் கூடும். விமானத்தில் யாரும் தூங்கப் போவதில்லை. சாப்பிட்டு, ஒரு படம் முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் மெரினா விளக்குகள் தெரிய ஆரம்பிக்கும். பிசினஸில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது முன்கூட்டியே பிடித்ததைச் சொல்லி வைக்கும் வசதியும் உண்டு. லவுஞ்சிலும் சாப்பிடலாம். ஆனால் தேக்காவில் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிற ஆளுக்கு அதற்காக நானூறு, ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகக் கொடுக்கத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் பயணம் வேறு கதை. ராத்திரி பதினொரு மணியை ஒட்டிக் கிளம்பினால் சிங்கப்பூரில் விடியற்காலை ஆறு மணிக்கு இறங்குவோம். கடிகாரப்படி ஏழு மணி நேரம் போனது போலத் தோன்றினாலும், வந்த இரண்டரை மணி நேரத்தை இப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். உண்மையில் வானத்தில் இருப்பது நாலு மணி நேரம்தான். அதில் ஏறியதும் அரை மணி நேரம் பெல்ட் விளக்கு. அப்புறம் சாப்பாட்டு வண்டி. அப்புறம் தட்டை எடுக்க வருவார்கள். இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளிச்சம் போட்டுவிடுவார்கள். எகானமியில் தூங்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதுவும் கழுத்து ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்.

பிசினஸில் நான் செய்வது இது. வீட்டிலேயே சாப்பிட்டுவிடுவேன். உட்கார்ந்ததும் சிப்பந்தியிடம், "சாப்பாடு வேண்டாம், காலையிலும் எழுப்ப வேண்டாம், இறங்குவதற்கு முன் எழுப்பினால் போதும்" என்று சொல்லிவிடுவேன். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி கட்டிக்கொள்வேன். இல்லையென்றால் ஆட்டம் வரும்போது சரிபார்க்க எழுப்புவார்கள். பெல்ட் விளக்கு அணைந்ததும் பட்டன். ஒருக்களித்துப் படுத்தால் முட்டி லேசாக மடங்கும், கால் முன்னால் இருக்கும் பொந்துக்குள் போய்விடும். போன தடவை மூன்று மணி நேரம் ஒரே தூக்கம். ஏழரைக்கு வீடு, ஒன்பதரைக்கு அலுவலகம், பதினோரு மணிக் கூட்டத்தில் தெளிவாகப் பேச முடிந்தது. அதற்கு முந்தின பயணத்தில் எகானமியில் வந்துவிட்டு அரை நாள் லீவு போட்டேன். மீதி அரை நாளும் உருப்படவில்லை.

அதனால் என் கணக்கு இப்படி. இரண்டு கிளாஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, உண்மையில் தூங்கக்கூடிய நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் 450 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு மணிக்கு 150 வெள்ளி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எடுத்தால் 900 வெள்ளி. தூக்கம் அதே மூன்று மணி நேரம்தான், மணிக்கு 300 வெள்ளி. டிக்கெட் எடுக்கும்போது போகும் பக்கத்துக்கு ஒரு கிளாஸ், வரும் பக்கத்துக்கு வேறொரு கிளாஸ் என்று தேர்ந்தெடுக்க முடியும். மைல்களையும் ஒரு வழிக்கு மட்டும் செலவழிக்கலாம். கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும். சேர்த்து வைத்துக்கொண்டு லண்டன், பாரிஸ் என்று காத்திருந்து இழப்பதைவிட, சென்னையிலிருந்து திரும்பும் பயணத்துக்குச் செலவழிப்பது நல்லது.

அம்மாவை அழைத்து வரும்போது இந்தக் கணக்கும் மாறிவிடும். அம்மாவுக்கு 73 வயது. இரண்டு முட்டியும் தேய்மானம். முதல் தடவை பிசினஸில் உட்கார வைத்தபோது சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு காசா? அந்தக் காசுக்கு அரைப் பவுன் எடுத்திருக்கலாமே" என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். புடவையை ஒழுங்காக இழுத்து விட்டுக்கொண்டு, காலை முழுதாக நீட்டி வைத்திருந்தார். எகானமியில் முட்டியை மடக்கியே உட்கார்ந்து வந்தால், இறங்கியதும் முதல் பத்து அடி வைக்க என் தோளைப் பிடிக்க வேண்டும். அன்று அது வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்று. சக்கர நாற்காலி உதவி எகானமியிலும் இலவசம். டிக்கெட் எடுத்ததுமே சொல்லிவிட வேண்டும். அடுத்தது, பிசினஸில் ஜன்னல் ஓரத்து இருக்கைகள் தனித்தனி. அம்மாவை ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு நாம் வேறெங்கோ உட்கார்ந்தால், திரையை எப்படி இயக்குவது, பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று பதறிவிடுவார்கள். நடுவில் இருக்கும் ஜோடி இருக்கைகளைத்தான் எடுக்க வேண்டும்.

கையைக் கடிக்காத நடுவழி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டின் 'ஸ்கூட் பிளஸ்'. ஸ்கூட்டின் 787 விமானங்களில் முன்பக்கம் அகலமான தோல் இருக்கைகள், வரிசைக்கு ஏழு பேர், 38 அங்குல இடைவெளி, 30 கிலோ பெட்டி, கையில் 15 கிலோ, ஒரு சாப்பாடு. படுக்க முடியாது, நன்றாகச் சாயலாம். பகல் பயணத்துக்கு இதைவிட வேறு வேண்டியதில்லை என்பேன். ஆனால் ஸ்கூட்டின் சின்ன ஏர்பஸ் விமானங்களில் இது கிடையாது. கோயம்புத்தூர், திருச்சி போகிறவர்கள் எந்த விமானம் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சிக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் போவதில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் படுக்கை வேண்டுமென்று சென்னையில் இறங்கி, அங்கிருந்து ஐந்தாறு மணி நேரம் காரில் போவது வீண். படுத்து வந்த முதுகு திண்டிவனம் தாண்டுவதற்குள் போய்விடும். நேரே திருச்சியில் இறங்குவதுதான் சொகுசு.

இனி இந்தியாவுக்குள். ஏர் இந்தியாவின் புதுப்பித்த ஏ320நியோவில் 8 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி, 132 எகானமி. பிசினஸ் இருக்கை சாயும், படுக்க முடியாது. 40 அங்குல இடைவெளி. பிரீமியம் எகானமி 32 அங்குலம், அதே மூன்று மூன்று பேர் வரிசை. இண்டிகோ 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் 'ஸ்ட்ரெட்ச்' என்று தொடங்கியது. 12 இருக்கைகள், இரண்டு இரண்டாக, 38 அங்குலம். ஆரம்ப விலை 18,018 ரூபாய். விஸ்தாரா 2024 நவம்பர் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, முன்பக்க இருக்கைக்குப் போட்டி என்று முக்கியமாக இருப்பது இந்த இரண்டும்தான்.

இதில் வரி வேறு. எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மற்ற வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். பிரீமியம் எகானமியும் இதில் அடக்கம். உதாரணமாக, அடிப்படைக் கட்டணம் எகானமியில் 7,000, பிசினஸில் 25,000 ரூபாய் என்றால், வரி மட்டும் 350-க்குப் பதில் 4,500. அந்த வித்தியாசத்தில் இன்னொரு எகானமி டிக்கெட்டின் பாதி வந்துவிடும். அதற்குக் கிடைப்பது நாலு மணி நேரம்கூட இல்லாத பயணத்தில் அகலமான ஒரு நாற்காலி.

எனக்கு ஒரு கசப்பும் உண்டு. மைத்துனி கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து டெல்லிக்கு பிசினஸில் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். கிளம்பும் அன்று விமானத்தை மாற்றினார்கள். வந்த விமானத்தில் என் இருக்கை சாயவே இல்லை, கைப்பிடியில் ஒட்டுப் போட்டிருந்தது. மனைவிக்குப் பின்னால் எகானமியில் இடம் கொடுத்தார்கள். வித்தியாசப் பணம் வர நாலு மாதம் ஆனது. சிங்கப்பூரிலிருந்து அதற்காக எத்தனை மின்னஞ்சல்! தூரம் குறைந்த பயணத்தில் நாம் காசு கொடுப்பது அந்த இருக்கைக்கு மட்டுமே. அந்த இருக்கையே நிச்சயமில்லை என்றால் கொடுக்காமல் இருப்பதே மேல். அதன்பிறகு இந்தியாவுக்குள் எகானமியில் முதல் வரிசையையோ அவசர வழி வரிசையையோ கூடுதல் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். கால் நீட்ட அது போதும்.

கோலாலம்பூரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விமானம் மேலே ஏறி நேராவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். பிசினஸில் கொடுக்கும் தட்டை அவசர அவசரமாகத் தின்ன வேண்டியிருக்கிறது. அங்கே பத்துமலை முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் வரிசைக்கு மூன்றே இருக்கை உள்ள சொகுசு பஸ்ஸில் போனால், ஐந்தாறு மணி நேரமானாலும், வீட்டுப் பக்கத்திலிருந்து ஏறி நன்றாகச் சாய்ந்துகொண்டு போகலாம்.

கடைசி நேரத்தில் வரும் ஏல மின்னஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எகானமி டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு, இவ்வளவு கொடுத்தால் பிசினஸுக்கு மாற்றித் தருகிறோம், நீங்களே ஒரு தொகை கேளுங்கள் என்று வரும். போகும் பயணத்துக்கு வந்தால் அழித்துவிடுங்கள். திரும்பும் இரவுக்கு வந்தால், மணிக்கு 150 வெள்ளி என்ற அந்தக் கணக்கைப் போட்டு, அதற்குக் கொஞ்சம் கீழே கேளுங்கள். தைப்பூசம், பொங்கல், தீபாவளி சமயத்தில் கிடைக்காது. மற்ற மாதங்களில், முக்கியமாகச் செவ்வாய், புதன் இரவுகளில் எனக்கு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு எடுத்தாயிற்று. போகும்போது எகானமி, ஜன்னல் ஓரம். திரும்பும்போது அம்மாவும் கூட வருகிறார். பிசினஸ், நடுவில் ஜோடி இருக்கை. சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. அரைப் பவுன் பேச்சை அம்மா இந்தத் தடவை எடுக்கவில்லை. "அந்தக் கால் நீட்டுற சீட்டுதானே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.