ஒன்பது வருடம், ஒரு .22: வாங்கியது என்ன, மிஞ்சியது என்ன

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி என்று சொன்னாலே வயதானவர்களுக்கு 1948 ஞாபகம் வந்துவிடும். அந்த ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள், எல்ஃபில் தோட்டத்தில் ஒருவர், இன்னொரு தோட்டத்தில் இருவர். அதை ஒட்டித்தான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு “நான் அமெரிக்காவில் ஒன்பது வருடம் பொழுதுபோக்குக்குத் துப்பாக்கி சுட்டேன்” என்று சொன்னால் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

மனைவிக்குத் தாதி வேலை டெக்சஸில் கிடைத்தது, கிரீன் கார்டோடு ஹூஸ்டன் பக்கம் போய்ச் சேர்ந்தோம். 2014-இல் வாங்கிய .22 துப்பாக்கி (சின்னக் குண்டு சுடும் ரகம், எண் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் சொல்வது), 2023 கடைசியில் ஊர் திரும்பும்போது அங்கேயே இருக்கும் மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், தொழிலாளர் வருகைப் பதிவேடான செக்ரோல் எழுதிய கை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை சுடப் போகும்போதும் தேதி, எந்தத் தோட்டா, எத்தனை சுட்டேன், எத்தனை அடைத்துக்கொண்டது, 50 கெஜத்தில் ஐந்து குண்டு எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். 23,000 குண்டுக்கு மேல் கணக்கு இருக்கிறது. இனி சொல்லப்போவதில் பாதி அந்த நோட்டில் இருப்பதுதான்.

முதலில் எதை வாங்குவது என்ற குழப்பம். கையில் எடுத்துப் பார்த்தவை மூன்று: ருகர் 10/22, மார்லின் மாடல் 60, ஸ்மித் அண்ட் வெசனின் எம்&பி 15-22. மூன்றாவது இராணுவத் துப்பாக்கி மாதிரித் தோற்றம், எனக்கு அந்த வேஷம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். மார்லின் 60 அருமையான துப்பாக்கி, 1960-இலிருந்து ஒரு கோடிக்கு மேல் விற்றது, எடுத்த எடுப்பில் 10/22-ஐவிடக் கூர்மையாகச் சுடும் என்றுகூட அங்கே பலர் சொல்வார்கள். ஆனால் அதற்குத் தோட்டா போடுவது குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில், வாய்ப்பக்கத்திலிருந்து. சுடுதளத்தில் “நிறுத்துங்கள்” என்று குரல் வந்ததும் துப்பாக்கி காலி என்று காட்ட வேண்டும், அப்போது மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியை, கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் திறந்து காட்டுவது எவ்வளவு நிம்மதி என்பது புதிதாகச் சுடுகிறவனுக்குத்தான் தெரியும். அதனால் 10/22. இருநூற்றுச் சொச்சம் டாலர்.

1964-இல் வந்த வடிவமைப்பு, இன்றைக்கும் அடிப்படை அதேதான். பத்துத் தோட்டா போடும் சுழல் மேகசின் உள்ளேயே அடங்கிவிடும், வெளியே துருத்திக்கொண்டு நிற்காது. பேரலை, அதாவது குழலை, போல்ட் இருக்கும் நடுப்பகுதியான ரிசீவரோடு பிடித்திருப்பது வி-பிளாக் என்ற ஒரு கட்டையும் இரண்டு திருகும்தான், விசைப்பகுதி முழுவதும் இரண்டு ஊசியில் நிற்கிறது. ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் பிரித்துச் சேர்த்துவிடுவான். அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. சுலபமாகக் கழற்ற முடியும் என்றால் கை சும்மா இருக்காது. இந்தத் துப்பாக்கிக்கு உதிரிப்பாகம் விற்பதே தனி வியாபாரம், ஒரு பாகம்கூட அசலில் இல்லாத 10/22-ஐ நீங்கள் வாங்கிச் சேர்த்துவிடலாம். நான் துப்பாக்கி விலையைப்போல மூன்று மடங்கு பாகங்களுக்குக் கொட்டினேன். மச்சான் கைக்குப் போகும்போது அதில் மிஞ்சியிருந்தவை நான்கு.

முதலில் விசை. விலை குறைந்த துப்பாக்கிகளுக்கு வழக்கம்போல ஆறு பவுண்டு அளவுக்குக் கனம், இழுக்க இழுக்க முனை நகர்ந்துவிடும். அதே கம்பெனி விற்கும் பிஎக்ஸ் ட்ரிக்கரை நூறு டாலருக்குள் வாங்கி, ஊசி இரண்டையும் தட்டி எடுத்து, முழுசாக மாற்றினேன். மூன்று பவுண்டுக்குள் வந்துவிட்டது. கால் மணி நேர வேலை. உள்ளே இருக்கும் பாகங்களை அரம் போட்டுத் தேய்த்து மென்மையாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். அப்படிச் செய்த ஒருவர் என் பக்கத்து மேசையில் ஒருமுறை விசையை இழுக்க இரண்டு குண்டு போனது, தளத்து அதிகாரி அந்த நிமிடமே அவரைப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது ஸ்டாக், தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை. என் மனைவி ஐந்தடி. அசல் ஸ்டாக்கில் விசையிலிருந்து தோள் வரையுள்ள நீளம் பதின்மூன்றரை அங்குலம், அவள் தூக்கிப் பிடித்தால் உடம்பு பின்னால் சாய்ந்து முருங்கைக்காய் பறிக்கிற மாதிரி நிற்பாள். பின்பக்கம் சில்லுகளைப் போட்டும் எடுத்தும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மேக்புல் எக்ஸ்-22 வந்ததும் வாங்கினேன். அவளுக்குக் குறைத்து வைத்தோம், அதே நீளத்தில் நானும் பழகிக்கொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து அவள் என்னைவிட நன்றாகச் சுட்டாள் என்பதை இங்கே பதிவு செய்யாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

மூன்றாவது, போல்ட் பின்னால் வந்து இடிக்கும் எஃகு ஊசிக்குப் பதிலாக பாலிமர் ஊசி. பத்து டாலர். கடக் கடக் என்ற சத்தம் மட்டுப்படும், வேறொன்றும் பெரிதாக இல்லை. நான்காவது துணியால் ஆன ஒரு வார் (ஸ்லிங்), கையில் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்துச் சுட. ஆப்பிள்சீட் என்று அங்கே இரண்டு நாள் பயிற்சி நடத்துவார்கள், 25 கெஜத்திலேயே இலக்கைச் சின்னதாக அச்சிட்டு 400 கெஜம் வரை சுடுவதுபோலப் பழக்குவார்கள். தூரத்துக்கு இடம் தேவையில்லை, நல்ல யோசனை. கண்ணை மூடி மூச்சுவிட்டுத் திறந்து பார்த்தால் துப்பாக்கி தானாக எங்கே பார்த்து நிற்கிறதோ அங்கே இலக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையால் இழுக்காமல் உடம்பை நகர்த்து என்று அங்கே ஒரு பாட்டி வயதுள்ள அம்மா சொல்லிக்கொடுத்தார். அந்தத் துணி வார் அங்கே வாங்கியதுதான்.

சரி, வீணாய்ப் போனவை. பெரிய நஷ்டம் கனமான பேரல். ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன், அது அசல் ஸ்டாக்கின் பள்ளத்தில் உட்காராது, எனவே அதற்கென்று வேறொரு ஸ்டாக், ஆக இரட்டைச் செலவு. மேசையில் வைத்துச் சுட்டால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எடை கூடிப்போய், நின்று சுடுவதற்குள் தோள் நடுங்கும். மனைவி தொடவே மாட்டேன் என்றாள், மகனும் ஒரு மேகசின் முடிந்ததும் கீழே வைத்துவிடுவான். மூன்று நாளில் கழற்றியிருக்க வேண்டும், காசு போட்ட வீம்பில் எட்டு மாதம் வைத்திருந்தேன். அப்புறம் 25 தோட்டா மேகசின், படுத்துச் சுடும்போது தரையில் முட்டும். விலை உயர்ந்த ஸ்கோப் ஒன்று, 50 கெஜத்தில் அட்டையைப் பார்க்க ஒன்பது மடங்கு பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பேரலை வாங்க வைத்த கதையைச் சொல்ல வேண்டும். 2015 முழுக்க துப்பாக்கி தகராறு செய்தது. நூறு சுட்டால் நான்கைந்து வெடிக்காது, ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும். அடித்த இடத்தில் விளிம்பில் பள்ளம் தெளிவாகத் தெரியும், ஆனால் வெடிக்காது. நான் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மாற்றினேன், கடைசியில் பேரலையே மாற்றினேன். ஒருநாள் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர், வெடிக்காத தோட்டாவை அரை நிமிடம் முனையை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருந்து எடுத்த பிறகு, “கொடு” என்று கேட்டு வாங்கினார். பள்ளம் விழுந்த பக்கத்தைக் கீழே திருப்பி மறுபடி உள்ளே போடச் சொன்னார். டப்பென்று வெடித்தது. இன்னொன்று, அதுவும் வெடித்தது.

விஷயம் இதுதான். பெரிய தோட்டாக்களில் வெடிமூட்டி நடுவில் ஒரு தனிக் குப்பியில் இருக்கும். .22-இல் அது அடிப்பகுதி விளிம்புக்குள்ளே, ஈரமாக வைத்துச் சுழற்றிப் பரப்புவார்கள், ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால்தான். பரப்பும்போது விளிம்பில் ஓரிடம் விட்டுப்போனால், ஊசி அந்த இடத்தில் விழும்போது ஒன்றும் நடக்காது, வேறு இடத்தில் விழுந்தால் வெடிக்கும். நான் வாங்கி வைத்திருந்தது மலிவாகக் கிடைத்த மொத்தப் பெட்டி, 2013-இல் .22 தோட்டாவுக்கு அங்கே பெரிய தட்டுப்பாடு, அந்தப் பயத்தில் கண்டதை எல்லாம் அள்ளி வைத்திருந்தேன். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைத் தோட்டாவாரியாகப் பிரித்து எழுதினேன். அசல் பேரலில் அந்த மலிவுத் தோட்டாவில் ஐந்து குண்டு விழுந்த அகலம் சராசரி இரண்டரை அங்குலம். கனமான பேரலில் அதே தோட்டா இரண்டு அங்குலம். அசல் பேரலையே திரும்ப மாட்டி, விநாடிக்கு 1,070 அடி வேகத்தில் போகும் சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்ற தோட்டாவைப் போட்டால் ஒன்றேகால் அங்குலம். இந்த வேகம் ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. 1,200-க்கு மேல் கிளம்பும் வேகத் தோட்டாக்கள் பாதி வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும், தூரம் கூடக் கூட அது அட்டையில் தெரியும். ரொம்ப மெதுவான தோட்டா என்றாலும் சிக்கல், போல்ட்டைப் பின்னால் தள்ளும் அளவுக்கு உதை இருக்காது, அரைத் தானியங்கித் துப்பாக்கி கையால் இழுக்கும் துப்பாக்கி ஆகிவிடும். ஆகவே நான்கைந்து வகையில் ஐம்பது ஐம்பதாக வாங்கிச் சுட்டுப் பார்த்து, உங்கள் துப்பாக்கி எதை ஒத்துக்கொள்கிறதோ அதையே மூட்டையாக வாங்குங்கள். பேரலுக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடுங்கள்.

பராமரிப்பு பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. .22 அழுக்குப் பிடித்தது, மெழுகும் கரியும் ஈயத்தூளும் கலந்து போல்ட்டில் கறுப்புக் களிம்பாக அப்பிக்கொள்ளும், ஐந்நூறுக்கு ஒரு தடவை துடைத்தேன். ரிசீவரின் பின்பக்கம் அடைப்பு என்பதால் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விட வேண்டிவரும், அது குழல் முனையைத் தேய்க்கும். கயிறு மாதிரி இழுக்கும் துடைப்பான் நல்லது. சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், ஈயம். ஒருமுறை சமையலறை மேசையில் சுழல் மேகசினைப் பிரித்தேன், உள்ளே முறுக்கி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டுப்போனது, திரும்ப முறுக்கிச் சேர்க்க ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் திறந்து நிற்காது, பத்து எண்ணப் பழக வேண்டும், அல்லது காலி என்று ‘டிக்’ சத்தத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே வந்த பிறகு ஒருவர் என்னிடம் அந்தக் கனமான பேரலைப் பார்சலில் வரவழைக்க முடியுமா, வீட்டில் அலங்காரத்துக்கு மாட்டலாமே என்று கேட்டார். அங்கள், கனவிலும் வேண்டாம். 1960 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் ஒரு பாகமும் ஆயுதம்தான், காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம்தான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971 சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. செம்பனைக்காட்டில் காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குச் சொல்கிறவர்கள். .22 சின்னக் குண்டுதானே என்பவர்களுக்கு ஒன்று: அது ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். எங்கள் லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) தமிழ்ப்பள்ளிக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மச்சானின் வாட்சப். அவனுக்கு அங்கே சனிக்கிழமை பகல். “மாமா, வெடிக்கவே மாட்டேங்குது, ஃபயரிங் பின் ஆர்டர் பண்ணவா?” படம் அனுப்பச் சொன்னேன். ஓர் அட்டைப்பெட்டி நிறையத் தோட்டா, தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியது, வெளியே எடுத்து வைத்த ஒன்றின் விளிம்பில் அழகாக ஒரு பள்ளம். “அரை நிமிஷம் நின்னுட்டுத்தானே எடுத்த? திருப்பிப் போட்டுப் பாரு” என்றேன். ஐந்து நிமிடம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.