ஃபிரிட்ஜ் நாறினால் ‘கேஸ் லீக்’ என்பார்கள், நம்பிவிடாதீர்கள்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் சமயம். வேளச்சேரியில் எங்கள் வீடு முதல் மாடி என்பதால் உள்ளே தண்ணீர் ஏறவில்லை. ஆனால் நாலு நாள் கரண்ட் இல்லை. நாங்கள் செங்கல்பட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். புயல் வந்தால் மீன் வரத்து நின்றுவிடும் என்று முன்யோசனையாக வாங்கி வைத்த ஒன்றரைக் கிலோ வஞ்சிரமும் அரைக் கிலோ இறாலும் ஃப்ரீசரில். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். நாலு நாளைக்கு எது தாங்கும்?

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, தட்டுகளைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினேன். சமையல் சோடா கரைத்துத் துடைத்தேன். கிண்ணத்தில் கரி வைத்தேன், காபித்தூள் வைத்தேன். உட்பக்கம் ஓரளவு சரியானது. ஆனால் ஃபிரிட்ஜை ஓடவிட்டு ஒரு மணி நேரமானால் சமையலறை முழுக்கக் கவுச்சி. அத்தை மட்டும், “ஏம்மா, புளித்தண்ணி போட்டுத் துடைச்சியா?” என்று இரண்டு முறை கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

அடுத்து செய்ததுதான் தப்பு. ஃபிரிட்ஜ் கம்பெனி பெயரோடு ‘சர்வீஸ் சென்டர்’ என்று போனில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி: “எந்த கம்பெனி ஃபிரிட்ஜ், மேடம்?” அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்றால் இதை ஏன் கேட்க வேண்டும்? அன்று எனக்கு உறைக்கவில்லை. உங்களிடம் இப்படிக் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். கம்பெனியின் உண்மையான எண் வாரன்டி புத்தகத்திலேயே இருக்கும், எனக்கும் இருந்தது, பீரோவில்.

வந்த ஆள் கதவைத் திறந்தார், மோந்து பார்த்தார். “கேஸ் லீக் ஆகுது மேடம், அந்த வாடைதான் இது. அப்படியே விட்டா கம்ப்ரஸர் போயிடும்” என்றார். கேஸ் நிரப்ப 3,200, ‘கெமிக்கல் வாஷ்’ 1,500, வந்து போக 499. மொத்தம் 5,199 ரூபாய். பின்பக்கம் போய் ஏதோ உருட்டினார், பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. கெமிக்கல் வாஷ் என்பது எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே. பில் கேட்டேன், வாட்ஸ்அப்பில் வரும் என்றார். பணம் போனது யாரோ ஒரு தனி ஆளின் ஜிபே கணக்குக்கு.

மூன்றாம் நாள் கவுச்சி திரும்பி வந்தது, இந்த முறை எலுமிச்சையும் சேர்ந்துகொண்டு. கூப்பிட்டால் இன்னொரு ஆள் வந்தார். உள்ளே ஃபோம் கெட்டுவிட்டது, இனி இது தேறாது, 1,500 ரூபாய்க்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் ஃபிரிட்ஜ் 2019இல்தான் வாங்கியது, அதற்குள் தேறாமல் போகுமா? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவரை அனுப்பிவிட்டு, தெருமுனையில் மிக்ஸி, வாஷிங் மெஷின் பார்க்கும் பாயைக் கூப்பிட்டோம்.

பாய் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, கம்ப்ரஸர் மேலே உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ட்ரேயைக் கழற்றிக் காட்டினார். பழுப்பு நிறத்தில் கூழ். உள்ளே உருகும் பனித்தண்ணீர் ஒரு சின்னத் துளை வழியாக இந்த ட்ரேக்கு இறங்கி, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிப் போகும். அதற்காகத்தான் அந்த ட்ரே. மீன் உருகிய ரத்தத் தண்ணீரும் அதே வழியாக இறங்கியிருக்கிறது. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் நான் அதை அடுப்பில் வைத்த மாதிரி சூடு பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடவிட்டால் மட்டும் நாறியதன் ரகசியம் இதுதான்.

“கேஸ் போச்சுன்னாங்களே பாய்?” என்றேன். “ஐஸ் உறைஞ்சுதாம்மா?” என்று கேட்டார். உறைந்துகொண்டுதான் இருந்தது. கேஸ் போயிருந்தால் எப்படி உறையும்? என் ஃபிரிட்ஜில் குளிரூட்டும் கேஸ் ஆர்600ஏ, பின்பக்க ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கிறது. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்கு உறவுக்காரன். சமையல் கேஸ் நாறுவதே, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே ஒரு நாற்றப் பொருளைக் கலப்பதால்தான். ஃபிரிட்ஜ் கேஸில் அதைக் கலப்பதில்லை. கசிந்தாலும் மீன் நாற்றம் அடிக்காது. உண்மையாகவே கேஸ் நிரப்புவதென்றால் ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு, எடை பார்த்து ஏற்ற வேண்டும். கால் மணி நேர வேலையா அது?

ட்ரேயைக் கழுவி, துளையில் வெந்நீர் விட்டு, கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார் பாய். அங்கேயும் கறுப்பாக வந்தது. கூலி 400 ரூபாய். கடைசியாக வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கச் சொன்னார். மீன் நாற்றம் காரத்தன்மை உள்ளது, புளிப்புப் பட்டால் அடங்கும். மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் இதற்குத்தான். சமையல் சோடா திரிந்த பாலின் புளித்த வாடைக்குக் கேட்கும், கவுச்சிக்கு அவ்வளவாகக் கேட்காது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். (வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.)

1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் இன்றுவரை எதுவும் வரவில்லை.

நேற்று சும்மா வேறொரு கம்பெனி பெயரைப் போட்டு ‘சர்வீஸ் சென்டர்’ என்று தேடினேன். முதலில் வந்தது அதே எண்.