மவுண்டன் பைக்குக்கு நேரம்: வார நாள் விடியலா, ஞாயிறு மலையா?

கோயம்புத்தூரில் மேற்கே திரும்பி நின்றால் மலை தெரியும். அதைப் பார்த்தே பலர் மவுண்டன் பைக், அதாவது மண் பாதைக்கென்று செய்த தடித்த டயர் சைக்கிள், வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வண்டி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காற்று இறங்கி நிற்கும். அவர்களுக்கு ஆசை விட்டுப்போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். வேலை, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் என்று ஓடுகிற வாரத்தில் சைக்கிளுக்கு எந்த நேரம் என்பது முடிவாகாமலே போய்விடுகிறது.

வேலைக்குப் போகிறவருக்கு இங்கே நான்கு வழிகள் உண்டு. வார நாட்களில் விடிந்ததும் ஒரு மணி நேரம் ஓட்டலாம். ஞாயிறு முழுவதையும் மலைக்குக் கொடுக்கலாம். ஆபீசுக்கே சைக்கிளில் போகலாம். வேலை முடிந்து மாலையில் கிளம்பலாம். என் ஓட்டு வார நாள் விடியலுக்கு. ஆனால் ஞாயிறு மலைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மலை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். அங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டரில் கோத்தகிரி, ஏறத்தாழ 1,800 மீட்டர். அந்த ஏற்றத்தைத் தடித்த டயரில் ஏறி முடிப்பது ஒரு அனுபவம். பாதி வழியில் காற்று குளிர ஆரம்பிக்கும், தேயிலை வாசம் வரும், இறங்கும்போது கை பிரேக்கிலேயே இருக்கும். இந்த அனுபவத்தை எந்த வார நாளும் தராது.

உடம்புக்கும் ஒரு நாள் ஓட்டம் போதும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. 2023-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு பிரிட்டனில் சுமார் 90,000 பேரின் நடமாட்டத்தைக் கருவி கட்டி அளந்தது. அந்த 150 நிமிடத்தில் பெரும்பகுதியை ஓரிரு நாட்களிலேயே முடித்தவர்களுக்கும், வாரம் முழுக்கப் பிரித்துச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத அபாயம் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்திருந்தது. ஆக, இதயத்தைக் காட்டி ஞாயிறு ரைடரை யாரும் மட்டம் தட்ட முடியாது.

சிக்கல் கணக்கில்தான் வருகிறது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 35 கிலோமீட்டர். காலை நான்கரைக்கு சைக்கிளைக் காரில் ஏற்றி, ஏறி இறங்கி, வீடு திரும்ப மதியம் ஒன்று ஆகிவிடும். காரையே மேலே கொண்டுபோய் நிறுத்தலாம் என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனில் வார இறுதி நாளுக்கு 8,000 வண்டிகள் என்று வரம்பே வைத்தார்கள். எட்டரை மணி நேரத்தைக் கொடுத்து, சீட்டில் உட்கார்ந்திருப்பது நான்கைந்து மணி நேரம். மீதி நேரத்தில் ஓட்டுவது காரை.

அதைவிடப் பெரிய விஷயம், ஞாயிறு நம் கையில் இல்லை. தை, வைகாசி, ஆவணி வந்தால் முகூர்த்தம். அது இல்லாத வாரம் காதுகுத்து, கிடா விருந்து, வீடு குடி புகுதல். "அன்னைக்கு எனக்கு சைக்கிள் இருக்கு" என்று சித்தப்பாவிடம் சொல்ல முடியுமா? போயே ஆக வேண்டும், போவதுதான் முறையும். இப்படி இரண்டு ஞாயிறு தொடர்ந்து தவறினால் மூன்றாவது ஏற்றத்தில் மூச்சு காட்டிக் கொடுத்துவிடும். ஓட்டத்தை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே உடலின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் இறங்கத் தொடங்கும்.

வார நாள் விடியல்

நகரின் மேற்கு ஓரத்து வடவள்ளியில் இருப்பவருக்கு வேடப்பட்டி, பேரூர் பக்கத்து இட்டேரிகள், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதைகள், பத்து நிமிடத் தூரம். இரண்டு புறமும் கிளுவை வேலி, நடுவில் புல் வரிசை, இரண்டு பக்கமும் வண்டித் தடம், அதில் உருளும் கல். பத்தடிக்கு ஒரு முறை தடம் மாற வேண்டியிருக்கும். குளக்கரைகள் இன்னும் நல்லது. கரை மேல் ஏறும் சரிவு முப்பதடி இருந்தாலும் செங்குத்து. சின்ன கியரில் ஏறும்போது சீட்டின் நுனிக்கு வந்தால் முன்சக்கரம் தூக்காது. இறங்கும்போது இரண்டு பெடலும் மட்டமாக, இடுப்பு பின்னால், ஒரே ஒரு விரல் பிரேக்கில். இதையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பாருங்கள். கோத்தகிரியில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் கைக்கு இந்தப் பழக்கம் வராது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் தார் ரோடு. எஸ்டேட் மண் பாதைகள் தனியார் சொத்து, அனுமதி கேட்காமல் நுழைவது சரியில்லை. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

விடியலுக்கும் எல்லை உண்டு. ஜூனில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறே முக்காலைத் தாண்டும். ஸ்கூல் பஸ் ஏழே முக்காலுக்கு என்றால் தை மாதத்தில் கிடைப்பது நாற்பது நிமிடம்தான். முன்னதாகவே இருட்டில் கிளம்பி மருதமலை, தடாகம், நரசீபுரம் பக்கம் போகலாமே என்று யோசிக்காதீர்கள். ராத்திரி தோட்டங்களுக்கு வந்த யானைகள் காடு திரும்புகிற நேரம் அது. அந்தப் பக்கம் போவதென்றால் வெயில் ஏறி, ஊர் நடமாட்டம் தொடங்கிய பிறகுதான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் முள். சீமைக்கருவேல முள் ஒன்று ஏறினால் அன்றைய ஒரு மணி நேரம் பஞ்சருக்கே போய்விடும். டியூப்லெஸ் டயருக்கு மாறி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியவர்களுக்குத்தான் வார நாள் ரைடு கட்டுபடியாகும். நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து ஊற்ற வேண்டும். காற்று, தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் எல்லாம் முந்தின ராத்திரியே தயாராகிவிட வேண்டும். காலையில் பம்பைத் தேடினால் பத்து நிமிடம் காலி.

வீட்டில் இருப்பவர்களுக்கு எது பாரம் என்பதையும் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை முழுக்க ஒருவர் காணாமல் போனால் சந்தை, சமையல், பிள்ளைகள் எல்லாம் மற்றவர் தலையில் விழும். வார நாளில் அது ஒரு மணி நேரம். அதையும் சும்மா எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் பேசி முடித்தது என் மனைவி: "செவ்வாயும் வியாழனும் உங்களுதுங்க. புதனும் வெள்ளியும் நான் வாக்கிங் போறேன், டிபன் பாக்ஸ் நீங்க கட்டிருங்க." கிழமை குறித்துவிட்டதால் தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சைக்கிள் நிலைத்ததற்கு எந்த உறுதியையும்விட இந்த ஏற்பாடுதான் காரணம் என்பேன்.

மற்ற இரண்டும்

மாலை ரைடு ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு ஒத்துவராது. நமக்கு ஆறரை ஆகும்போதுதான் அமெரிக்கக்காரர்களுக்குக் காலை, மீட்டிங் அப்போதுதான் தொடங்கும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஐப்பசி மழையும் பெரும்பாலும் சாயங்காலம்தான் கொட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கே போகிறவரின் முகத்தில் அடிக்கும், விடியலில் அது கொஞ்சம் தணிந்திருக்கும்.

ஆபீசுக்கு சைக்கிளில் போவது அருமையான பழக்கம். தனி நேரமே ஒதுக்க வேண்டாம். ஆனால் சத்தி ரோட்டு நெரிசலில் முண்டு முண்டான தடித்த டயரை உருட்டுவதால் மண் பாதையில் ஓட்டும் திறமை வளராது. கால் வலு கூடும், அவ்வளவே. குளிக்க வசதி இல்லாத ஆபீஸ் என்றால் அதுவும் கஷ்டம்.

யாருக்கு எது

காந்திபுரம், ராம் நகர் போல நகர நடுவில் குடியிருப்பவருக்கு என் தீர்ப்பு பொருந்தாது. மண்ணைத் தொடுவதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும், திரும்ப அரை மணி. அவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றைப் பிடித்துவைத்து, நடுவில் ஆபீசுக்கு சைக்கிளில் போய்க் கால் வலுவைக் காத்துக்கொள்வது மேல். நைட் ஷிப்ட் ஆட்களும் கைக்குழந்தை இருக்கும் வீட்டாரும் விடியலுக்கு ஆசைப்பட வேண்டாம், அந்த நேரத் தூக்கம் அதைவிட முக்கியம்.

மற்றவர்களுக்கு வாரம் இரண்டு விடியல், கிடைத்தால் மாதம் ஒரு மலை. மார்கழியில் மட்டும் கணக்கு தலைகீழ். கல்யாணம் கிடையாது, மழை ஓய்ந்து வரும், பகலிலும் வெயில் சுடாது, விடிவதோ தாமதம். அந்த நான்கு ஞாயிறுகளையும் இப்போதே வீட்டில் பேசி வாங்கி, கோத்தகிரிக்கு எழுதி வையுங்கள்.